கூடாது, அப்படித்தானே?

என் வேலை படத்தை நிறுத்துவது. என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் அம்மா அப்படித்தான் சொன்னார். "கம்ப்யூட்டர் கம்பெனியில இருக்கா. படம் ஓடிக்கிட்டு இருக்கும்ல, அத இவ நிப்பாட்டுவா." வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கரண்ட் போனால் தன்னால் நிற்கப் போகிறது, இதற்கு ஒரு ஆளா என்று மாப்பிள்ளையின் மாமா கேட்டார். அந்தச் சம்பந்தம் அமையவில்லை. அதற்கும் தான் சொன்னதற்கும் தொடர்பில்லை என்று அம்மா இன்றுவரை சாதிக்கிறார்.

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் திண்டுக்கல்லில் அந்த வேலைக்குப் பெயரே கிடையாது. ரத வீதிப் பக்கம் ஒரு பாத்திரக்கடைக்கு மேலே மாடியில் ஆறேழு பேர் உட்கார்ந்து வேலை செய்தோம். சென்னையில் இருந்த ஒரு கம்பெனி ஆலைகளிடமும் ஆஸ்பத்திரிகளிடமும் ஆர்டர் பிடிக்கும். பயிற்சிப் படங்களை ஆங்கிலத்தில் தயாரித்து எங்களுக்கு அனுப்பும். நாங்கள் தமிழில் குரல் கொடுத்து, நடுநடுவே கேள்விகளைச் செருகி, சிடியில் ஏற்றிக் கொடுப்போம். படம் ஓடும். ஓரிடத்தில் நிற்கும். திரையில் ஒரு கேள்வி வரும். சரியான பதிலை அழுத்தினால் மேலே ஓடும். தப்பாக அழுத்தினால் அந்தப் பகுதியின் தொடக்கத்துக்கே போய்விடும். கேள்வி, பதில் இரண்டும் சென்னையிலிருந்தே எழுதி வந்துவிடும். எங்கே நிறுத்துவது என்பது மட்டும் என் பொறுப்பு.

‘மட்டும்’ என்று சொன்னது தன்னடக்கம். அந்த வேலையில் இருந்த சூட்சுமமே அந்த இடம்தான். மற்றவர்கள் ஒரு விஷயத்தைக் காட்டி முடித்துவிட்டு நிறுத்துவார்கள். பார்க்கிறவர் இப்போதுதான் கேட்டதைக் கிளிப்பிள்ளை மாதிரி திருப்பிச் சொல்வார், மதிப்பெண் விழும், மறுநாள் மறந்துபோகும். நான் கை நீளும்போது நிறுத்துவேன். திரையில் இருப்பவர் தீயணைக்கும் சிலிண்டரைத் தூக்கிவிட்டார், இன்னும் எதையும் இழுக்கவில்லை. அங்கே நிறுத்திக் கேட்டால் பார்க்கிறவரின் கையே பரபரக்கும். அம்மா ஐந்தாம் வகுப்பு டீச்சர். கணக்கைப் பாதி போட்டுவிட்டு சாக்பீஸைக் கீழே வைத்துவிடுவார், வகுப்பு துடிக்கும். அதைத்தான் நான் கம்ப்யூட்டரில் செய்தேன். இதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. ஆபீசில் அதைத் தெரிந்துதான் வைத்திருந்தார்கள்.

எரியோட்டைத் தாண்டி ஒரு நூற்பாலை எங்களிடம் பாதுகாப்புப் பயிற்சிப் பாடம் செய்து வாங்கியது. அங்கே ஆள் எடுக்கும் அதிகாரி திண்டுக்கல்காரர், ஐம்பது வயதிருக்கும், சிரித்துப் பார்க்க முடியாது. அதற்கு முந்தைய வருடம் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணின் விரல்கள் ரோலரில் சிக்கி நசுங்கியிருந்தன. அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனவர் அவர்தான். அதன் பிறகு, பயிற்சியில் தேறாத யாரையும் மெஷின் பக்கம் விடுவதில்லை என்று முடிவெடுத்துவிட்டார். மூன்று வாய்ப்பு. மூன்றிலும் தவறினால் வேலை கிடையாது. அன்று மாலையே கம்பெனி வேன் அவர்களைப் பெட்டி படுக்கையோடு ஊரில் கொண்டுபோய் விட்டுவிடும். கடுமையான விதிதான். ஆனால் அவர் அதைச் சொன்னபோது குரல் கரகரத்தது, அதனால் நான் மறுத்துப் பேசவில்லை.

முதல் முறையாக அந்தப் பாடத்தை ஓட்டிப் பார்க்கும் நாளில் நானும் போயிருந்தேன். சென்னைக்குக் காட்டுவதற்காக ஆபீஸ் வீடியோ கேமராவையும் பையில் போட்டுக்கொண்டு போனேன். பயிற்சி அறையில் ஒரு வரிசைக் கம்ப்யூட்டர்கள், ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு பெண். வேடசந்தூர், நெய்க்காரப்பட்டி, ஆயக்குடி என்று பல ஊர்க்காரர்கள். முக்கால்வாசிப் பேர் பள்ளிக்கூடம் முடித்த கையோடு வந்தவர்கள். ஒருவர் மட்டும் முப்பத்தைந்தைத் தாண்டியவர்.

அவர் ஆயக்குடி. கொய்யாத் தோப்புகளில் கூலிக்குப் போனவர். கணவர் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. மகள் பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தாள். தோப்பு வேலை காய்ப்புக் காலத்துக்கு மட்டும்தான், மற்ற மாதங்களில் அடுப்பு எரிவது கஷ்டம், இந்த வருடமும் இப்படியே போனால் மகளையும் தோப்புக்குத்தான் அனுப்ப வேண்டும். இவ்வளவையும் மவுசை எப்படிப் பிடிப்பது என்று நான் சொல்லிக்கொடுத்த நேரத்துக்குள் சொல்லி முடித்துவிட்டார். வயது கூடிவிட்டது என்று முதலில் மறுத்தார்களாம். கெஞ்சித்தான் உள்ளே வந்திருக்கிறார். "இதுல தேறிட்டா போதுங்க டீச்சர், புள்ள பிளஸ் டூ முடிச்சுருமுங்க" என்றார். நான் டீச்சர் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். காதில் வாங்கவில்லை.

படம் ஓடத் தொடங்கியது. தலைமுடியை வலைக்குள் கட்டுவது, காதுக்குப் பஞ்சு வைப்பது, துப்பட்டாவை முடிந்துகொள்வது என்று முதல் கேள்விகளை எல்லோரும் ஊதித் தள்ளினார்கள். நான் நிறுத்திய இடங்களில் எல்லாம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பின்னால் நின்று அதைப் பார்ப்பதில் எனக்கு அலாதி சந்தோஷம்.

பிறகு அந்தக் கேள்வி வந்தது. நூல் நூற்கும் மெஷினில் சில நேரம் ரோலரைச் சுற்றிப் பஞ்சு இறுகிக்கொள்ளும். அதை எடுக்க ஓடும் மெஷினுக்குள் விரலை விடுவதுதான் ஆபத்து. போன வருடம் அந்தப் பெண்ணுக்கு நடந்ததும் அதுதான். திரையில் இப்படி இருந்தது: "மெஷின் ஓடும்போது ரோலரில் சுற்றிய பஞ்சைக் கையால் எடுக்கக் கூடாது, அப்படித்தானே?" கீழே இரண்டு பொத்தான். ஆம். இல்லை.

ஆயக்குடிக்காரர் யோசிக்கவே இல்லை, ‘ஆம்’ அழுத்தினார். தவறு என்று சிவப்பில் வந்தது. படம் பின்னால் ஓடியது. மறுபடி பொறுமையாகப் பார்த்தார், மறுபடி ‘ஆம்’ அழுத்தினார், மறுபடி சிவப்பு. நான் பக்கத்துத் திரையைப் பார்த்தேன். அங்கேயும் சிவப்பு. அந்த வரிசை முழுக்க அப்படியே இருந்தது.

அதிகாரி என் பின்னால் வந்து நின்றிருந்தார். முகம் வெளிறிப் போயிருந்தது.

"இப்பத்தானம்மா கூடாதுன்னு காட்டுச்சு. அம்புட்டுப் பேரும் ஆமான்னு அழுத்துறாங்களே. ஓடும்போதே கைய விடுவோம்ங்கறாங்க."

அவர் நடிக்கவில்லை, உண்மையாகவே ஆடிப்போயிருந்தார். குமாஸ்தாவைக் கூப்பிட்டு, மாலை வேனுக்குச் சொல்லி வைக்கும்படி மெதுவாகச் சொன்னார். மெதுவாகச் சொன்னாலும் வேன் என்ற வார்த்தை அறை முழுக்கக் கேட்டது. ஆயக்குடிக்காரர் என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மவுசைப் பிடித்தார். அவருக்கு மிச்சம் இருந்தது ஒரே வாய்ப்பு.

"அக்கா, அழுத்தாதீங்க" என்றேன்.

நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். திரையைக் கையால் மறைத்துக்கொண்டு அதே கேள்வியை வாயால் கேட்டேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார்.

"ஆமாங்க. கூடாதுங்க. வெரலு போயிருமுங்களே."

எனக்குப் புரிந்துவிட்டது. கேட்பவர் ஒன்றைச் சொல்கிறார், அது சரியென்றால் நாம் ஆமாம் என்போம். நீ வரவில்லையா என்றால், ஆமாம், வரவில்லை. உலகத்தில் நமக்கு வேறு விதமாகப் பேசத் தெரியாது. ஆங்கிலக்காரருக்கு அது தலைகீழ். வரவில்லை என்றால் அவர் இல்லை என்றுதான் தொடங்குவார். சென்னையில் கேள்வியைத் தமிழாக்கியவர் பதிலை ஆங்கிலத்திலேயே விட்டுவிட்டார். அதனால் ‘இல்லை’ சரி என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அந்த அறையில் சரியான தமிழ் பேசியவர்கள் அத்தனை பேரும் தோற்றிருந்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் காது சூடாகிவிட்டது.

அதிகாரியிடம் சொன்னேன். அவருக்குப் பிடிபடவில்லை. கூடாது என்றால் இல்லை என்பதுதானே பதில், கம்ப்யூட்டர் தப்பாகச் சொல்லுமா என்றார். படித்தவர், ஆங்கிலத்தில் அறிக்கை எழுதுகிறவர், திரையில் பார்த்ததும் அவருக்கு ஆங்கில மூளை வேலை செய்தது. விளக்கிக்கொண்டிருந்தால் வேன் வந்துவிடும் என்று தோன்றியது.

"சார், நீங்க இன்னும் காப்பி குடிக்கல, அப்படித்தானே?"

"ஆமா, குடிக்கல. வரச் சொல்லவா?"

"தப்பு சார். இல்லைன்னு சொல்லணும். நீங்களும் வேன்ல ஏறுங்க."

குமாஸ்தா தலையைக் குனிந்துகொண்டார். வரிசையில் ஒரு பெண் களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அதிகாரியின் உதடு அசைந்தது, ஆமா, குடிக்கல என்று தனக்குத்தானே சொல்லிப் பார்க்கிறார் என்று தெரிந்தது. பிறகு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

நான் அவருடைய மேஜையிலிருந்தே சென்னைக்குப் போன் போட்டேன். எங்கள் மேலாளர் அந்தக் கேள்வி ஆலை முதலாளி ஒப்புதல் கொடுத்தது, ஒரு எழுத்துகூட மாற்றக் கூடாது, ஆங்கிலத்தில் ‘இல்லை’தான் சரி என்று பாடம் எடுத்தார். "இங்கிலீஷ்காரங்க யாரும் எரியோட்டுக்கு நூல் நூக்க வரல சார்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு வந்தவற்றை நான் சமாளித்துக்கொண்டேன், அது இங்கே முக்கியமில்லை.

பதிலை மட்டும் மாற்றிவிட்டால் எல்லோரும் தேறிவிடுவார்கள் என்று நினைத்திருந்தேன். அதிகாரி விடவில்லை. அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. கூடாதுதானே என்று கேட்டால் நம் ஆட்கள் ஆமாம் என்று தலையாட்டுவார்கள், அது பழக்கம், அதனால் அவர்களுக்கு விஷயம் தெரியும் என்று எப்படி நம்புவது? தலையாட்டித் தப்பிக்க முடியாதபடி ஒரு கேள்வி வேண்டும் என்றார். எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது. என் தொழிலை அவ்வளவு சரியாக அதுவரை யாரும் சொன்னதில்லை.

நல்லவேளையாகக் கேள்விகளை நான் எப்போதும் படத்தோடு கலக்காமல் தனியாக வைத்திருப்பேன். அந்தக் கம்ப்யூட்டர்களிலேயே திறந்து மாற்ற முடியும். ஒரே சங்கடம், எங்கள் தமிழ் எழுத்துரு பாடத்துக்குள் மட்டும்தான் இருந்தது, அந்தக் கம்ப்யூட்டர்களில் இல்லை. மாற்றுவதற்காகத் திறந்தால் தமிழ் வரிகள் எல்லாம் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். அதனால் என்ன? தொண்ணூறுகளில் பள்ளி விடுமுறைகளில் அம்மா என்னை டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் தள்ளியிருந்தார். தமிழ் ஹையர் பாஸ் செய்தவள் நான். எழுத்துருவும் அதே விசைப்பலகை வரிசைதான். திரையைப் பார்க்காமல் விரல் போன போக்கில் அடித்தேன்: ரோலரில் பஞ்சு சுற்றிவிட்டது. முதலில் என்ன செய்வீர்கள்? பதில்கள்: ஓடும்போதே கையால் எடுப்பேன். கொக்கியால் எடுப்பேன். மெஷினை நிறுத்துவேன்.

இன்னொன்றும் செய்தேன். கேள்வி நிற்கும் இடத்தை முன்னால் நகர்த்தினேன். பழைய இடத்தில், என்ன செய்ய வேண்டும் என்று குரல் சொல்லி முடித்த பிறகுதான் கேள்வி வரும். அது நான் தேர்ந்த இடமில்லை, அதிகாரி கேட்டுக்கொண்டதால் வைத்தது. நான் பஞ்சு இறுகியதும், குரல் எதுவும் சொல்வதற்கு முன்பே, நிறுத்திவிட்டேன். ஆயக்குடிக்காரருக்கு ஒரே வாய்ப்புதான் பாக்கி என்று தெரிந்தேதான் செய்தேன். அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். விரல் போய்விடும் என்று சொன்னவருக்கு யாரும் எடுத்துக்கொடுக்க வேண்டியதில்லை.

படம் ஓடியது, நின்றது. எல்லோரும் திகைத்துப்போய்த் திரும்பிப் பார்த்தார்கள். ஆயக்குடிக்காரர் திரும்பவில்லை. வரிகளை வாய்விட்டு ஒவ்வொன்றாகப் படித்தார். கொக்கி என்ற இடத்தில் கொஞ்சம் தயங்கினார். பிறகு மெஷினை நிறுத்துவேன் என்பதை அழுத்தினார், பச்சை வந்தது, படம் மேலே ஓடியது. எனக்குக் கண் கலங்கியது. வெட்கமாக இருந்ததால் பையில் எதையோ தேடினேன்.

வரிசையில் ஒருத்தி மட்டும் கையால் எடுப்பேன் என்று அழுத்தியிருந்தாள். அவளுக்கு இன்னும் ஒரு வாய்ப்பு மிச்சம் இருந்தது, அதிகாரி அவளைத் திட்டவில்லை. அவரே பக்கத்தில் உட்கார்ந்து, படத்தை மறுபடி போட்டு, பொறுமையாக விளக்கினார். அவளும் தேறினாள். வேன் வேண்டாம் என்று சொல்லச் சொன்னார்.

அத்தோடு முடிந்தது என்று நான் சிடியை எடுத்து உறையில் போட்டுக்கொண்டிருந்தேன். பெண்கள் எழுந்துவிட்டார்கள். ஆயக்குடிக்காரர் மட்டும் எழவில்லை.

"டீச்சர், ஒண்ணு கேக்கலாமுங்களா?"

கேளுங்கள் என்றேன்.

"படத்துல நிறுத்துவேன்னு அழுத்திட்டேனுங்க. உள்ளாற நெசமாலுமே நிறுத்துனா வைய மாட்டாங்களா?"

பின்னால் நின்ற பெண் அவர் தோளைக் கிள்ளினாள். இப்போதுதான் வேலை கிடைத்திருக்கிறது, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கக் கூடாதா என்ற கிள்ளல் அது. அவருக்கும் அது தெரியாமல் இல்லை. முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார். யார் வைவார்கள் என்று அதிகாரி கேட்டார். மேஸ்திரிகள்தான் என்றார் அவர். ஒரு தடவை நிறுத்தினால் உற்பத்தி குறையும், அதனால் ஓடும்போதே பறித்துப் போடச் சொல்வார்கள் என்று ஆலை விடுதியில் பழைய பெண்கள் சொன்னார்களாம். போன வருடம் அந்தப் பெண் கையை விட்டதும் அப்படித்தானாம்.

அதிகாரி ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். அவருக்கு இது தெரிந்திருந்ததா, இல்லையா என்று எனக்கு இன்றும் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: என் பாடம் முழுவதிலும் கேட்க வேண்டியிருந்த கேள்வி அதுதான், அது சென்னையில் யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. கேட்டவருக்கு அந்த வேலை போய்விடக் கூடாது. நான் கேமராவை வெளியே எடுத்தேன்.

"சார், இதையும் கேள்வியா போட்டுருவோம். பதில நீங்களே சொல்லிருங்க."

அவர் மறுப்பார் என்று நினைத்தேன். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு சுவர் ஓரமாக வந்து நின்றார். முதல் முறை, அவசியம் இருந்தால் மெஷினை நிறுத்தலாம் என்று பேசினார். நான் கேமராவை இறக்கிவிட்டேன். அவசியமா இல்லையா என்று யார் சொல்வது என்று கேட்டேன். அவர் என்னை முறைத்தார். பிறகு கேமராவைப் பார்க்காமல், ஆயக்குடிக்காரரைப் பார்த்துப் பேசினார்.

"பஞ்சு சுத்துனா நிறுத்துங்க. யாரையும் கேக்க வேணாம். எவனாச்சும் வைஞ்சா, நேரா எங்கிட்ட வாங்க."

அந்தத் துண்டைப் பாடத்தின் கடைசியில் ஒட்டினேன். அதற்கு முன்னால் படம் நிற்கும். மெஷினை நிறுத்த நீங்கள் யாரைக் கேட்க வேண்டும் என்று கேட்கும். மேஸ்திரி, பக்கத்தில் இருப்பவர், யாரையும் இல்லை என்று மூன்று பதில்கள். அதிகாரி அதோடு விடவில்லை. மேஸ்திரிகளையும் அதே நாற்காலிகளில் உட்கார வைத்து, அதே பாடத்தைப் பார்க்க வைத்தார். அவர்களுக்கும் மூன்று வாய்ப்புதான்.

சில மாதம் கழித்து வேறொரு பாடத்துக்காக அந்த ஆலைக்குப் போனேன். மெஷின்கள் ஓடும் கூடத்துக்குள் விட்டார்கள். அந்த இரைச்சலில் பேச முடியாது; அங்கே எல்லோரும் கையாலேயே பேசிக்கொள்வார்கள். ஆயக்குடிக்காரர் தன் மெஷின் ஓரமாக நடந்துகொண்டிருந்தார். ஓரிடத்தில் நின்றார். குனிந்து பார்த்தார். நேரே போய் மெஷினை நிறுத்தினார்.

அந்த வரிசை முழுக்க நூல் நின்றது. மேஸ்திரி ஒருவர் அந்தப் பக்கம் வேகமாக வந்தார். மேஸ்திரி வருவதை ஆயக்குடிக்காரரும் பார்த்தார். ஆனாலும் அவசரப்படாமல் கொக்கியை எடுத்து, ரோலரில் இறுகியிருந்த பஞ்சை அறுத்து, சுத்தமாக உருவி எடுத்தார். மேஸ்திரி பக்கத்தில் வந்து நின்றார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அவர் முடிக்கும்வரை காத்திருந்தார்.

மெஷின் மறுபடி ஓடியது. அப்போதுதான் ஆயக்குடிக்காரர் என்னைக் கவனித்தார். முகம் முழுக்கச் சிரிப்பு. தூரத்திலிருந்தே வலது கையைத் தூக்கி, ஐந்து விரலையும் குவித்து வாய்ப் பக்கம் கொண்டுபோய், சாப்பிட்டாயா என்று கேட்டார். நான் அந்த ஐந்து விரலையும் பார்த்துக்கொண்டே நின்றேன்.